பனப்பாக்கத்தில் இரண்டு அடிக்கல்: காரா, காலணியா, சிப்பா?

ராணிப்பேட்டை மாவட்டம், நெமிலி வட்டம், பனப்பாக்கம். 2024 செப்டம்பர் 28 அன்று இங்குள்ள சிப்காட் வளாகத்தில் டாடா மோட்டார்ஸ் கார் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். முதலீடு 9,000 கோடி ரூபாய். நேரடியாகவும் மறைமுகமாகவும் 5,000 பேருக்கு வேலை. சரியாக இரண்டு மாதம் கழித்து, நவம்பர் 28 அன்று, அதே பனப்பாக்கத்தில் இன்னோர் அடிக்கல். இம்முறை தைவானின் ஹாங் ஃபூ குழுமம். தோல் சேராத காலணிகள் தைக்கும் ஆலை. முதலீடு 1,500 கோடி. வேலை 25,000 பேருக்கு.

வகுத்துப் பார்த்தால், கார் ஆலையில் ஒரு வேலை உண்டாக 1 கோடியே 80 லட்சம் ரூபாய் முதல் போட வேண்டும். காலணி ஆலையில் 6 லட்சம் போதும். முப்பது மடங்கு வித்தியாசம். ஊர் ஒன்று, அரசு ஒன்று, வேலை கேட்டு நிற்கும் பிள்ளைகளும் ஒரே பிள்ளைகள்.

இந்தப் பக்கத்தில் வளர்ந்த எனக்கு இரண்டுமே மகிழ்ச்சியான செய்திகள்தான். தறி ஓசை நின்றுபோன தெருக்களில், பத்தாவது முடித்த பையன்கள் ஒரகடத்துக்கும் திருப்பெரும்புதூருக்கும் பஸ் ஏறிப் போவதைப் பார்த்தே பழகியவர்கள் நாங்கள். ஆனால் மாநில அரசின் கையில் இருக்கும் பணமும் நிலமும் தண்ணீரும் அளவானவை. அடுத்த பத்து ஆண்டுகளில் அவற்றை எந்த வகைத் தொழிலுக்கு முதலில் கொடுப்பது? முதல், அதாவது மூலதனம், அதிகம் கேட்கும் தொழிலுக்கா, ஆள் அதிகம் கேட்கும் தொழிலுக்கா? இந்தக் கேள்விக்கு முதலீட்டு மாநாடுகள் விடை சொல்வதில்லை. 2024 ஜனவரியில் சென்னையில் நடந்த மாநாட்டின் 6.64 லட்சம் கோடி என்ற எண் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அதே மேடையில் சொல்லப்பட்ட 26.9 லட்சம் வேலை என்ற எண் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?

ஒப்பிடத் தொடங்கும் முன் எதை வைத்து அளப்பது என்று முடிவு செய்ய வேண்டும். என் அளவுகோலைச் சொல்லிவிடுகிறேன். இதில் உடன்படாதவர்களுக்கு மற்றதிலும் உடன்பாடு வராது.

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது, ஒரு மாநிலத்துக்குத் தொழிற்சாலையால் கிடைக்கும் ஆதாயத்தின் கணக்கே மாறிவிட்டது. பொருள் எங்கே நுகரப்படுகிறதோ அங்கே சேரும் வரி அது. பனப்பாக்கத்தில் செய்த கார் ஜெய்ப்பூரில் விற்றால் மாநிலத்தின் பங்கு வரி ராஜஸ்தானுக்குப் போகும். கப்பலேறி வெளிநாடு போனால் யாருக்கும் வரி இல்லை. ஆலையின் லாபத்தின் மீது விழும் வருமான வரி டெல்லிக்குப் போகிறது. அங்கிருந்து நிதிக்குழுப் பங்கீட்டில் திரும்பி வருகிறது. 15-வது நிதிக்குழு தமிழ்நாட்டுக்கு வைத்த பங்கு 4.079 சதவீதம், அது எத்தனை ஆலை இங்கே நிற்கிறது என்று எண்ணி வைத்த பங்கு அல்ல. மின்வரி, பத்திரப்பதிவுக் கட்டணம் போன்றவை மாநிலத்துக்கு வர வேண்டியவை. அவற்றைத்தான் சலுகை என்ற பெயரில் பெரும்பாலும் முதலிலேயே விட்டுக்கொடுத்துவிடுகிறோம்.

அப்படியானால் மாநிலத்துக்கு என்ன மிஞ்சுகிறது? இரண்டு மிஞ்சுகின்றன. ஒன்று, சம்பளம்: அது அரக்கோணம் கடைத்தெருவில், ராணிப்பேட்டை பள்ளிக்கூடத்தில், ஊர் மேஸ்திரியின் கூலியில் செலவாகும். மற்றொன்று, கற்ற தொழில்: நிறுவனம் மூட்டை கட்டிப் போனாலும் அது ஊரில் இருக்கும். இந்த இரண்டையும் அரசு செலவிடும் ரூபாயோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கோடிகளில் சொல்லப்படும் முதலீட்டை எனக்கு அளவாக எடுத்துக்கொள்ள மனம் ஒப்பவில்லை.

முதல் மிகுந்த தொழில்களின் உச்சத்திலிருந்தே தொடங்கலாம். குறைக்கடத்தி, அதாவது சிப். ஒன்றிய அரசு 2021 டிசம்பரில் 76,000 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை அறிவித்தது. ஆலைச் செலவில் பாதியை டெல்லியே தரும். குஜராத் தன் பங்குக்கு இன்னும் சேர்த்துத் தந்தது. அங்கே சானந்தில் உள்ள மைக்ரான் ஆலையின் மொத்தச் செலவு 22,516 கோடி ரூபாய். அதில் 50 சதவீதம் ஒன்றிய அரசு, 20 சதவீதம் குஜராத் அரசு. நேரடி வேலை 5,000 பேருக்கு. பொதுப்பணத்தை மட்டும் வகுத்தால் ஒரு வேலைக்கு மூன்று கோடி ரூபாய்க்கு மேல். அந்த மூன்று கோடியை வங்கியில் 7 சதவீத வட்டிக்குப் போட்டால் ஆண்டுக்கு 21 லட்சம் வரும். அந்த ஆலையில் வேலைக்குச் சேரும் இளம் பொறியாளர்களில் எத்தனை பேருக்கு அவ்வளவு சம்பளம் கிடைக்கும்? இத்தனைக்கும் அது சிப்பை அடைத்து, சோதித்து அனுப்பும் ஆலைதான். சிலிக்கான் வில்லையில் சிப்பை அச்சிடும் முழு ஆலை அதே குஜராத்தின் தோலேராவில் வருகிறது. டாடா நிறுவனமும் தைவானின் பவர்சிப்பும் சேர்ந்து 91,000 கோடியில் கட்டும் அந்த ஆலையால் நேரடி, மறைமுகம் எல்லாம் சேர்த்து 20,000 வேலைக்கு மேல் வரும் என்கிறார்கள். சேர்த்தே கணக்கிட்டாலும் ஒரு வேலைக்கு நாலரைக் கோடி முதலீடு.

சிப்புக்கு ஆதரவான வாதம் பலவீனமானது என்று நான் சொல்லவில்லை. 2021-ல் சிப் தட்டுப்பாட்டால் உலகம் முழுக்கக் கார் ஆலைகள் உற்பத்தியைக் குறைத்தன. சென்னையைச் சுற்றியுள்ள ஆலைகளும் தப்பவில்லை. ஒரு நாடு இந்த ஒரு பொருளுக்காகப் பிறர் கையை எதிர்பார்த்து நிற்பது ஆபத்து. ஆனால் அது நாட்டின் கவலை. நாட்டின் பாதுகாப்புக்கு ஆகும் செலவை நாடு ஏற்கட்டும். ஒரு மாநிலம் தன் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போக வேண்டிய பணத்திலிருந்து 20 சதவீதத்தை எடுத்து வைத்து, இன்னொரு மாநிலத்தோடு ஏலம் கேட்க வேண்டியதில்லை.

தண்ணீரும் இருக்கிறது. சிப் வில்லையைக் கழுவ மிகத் தூய நீர் நாள்தோறும் கோடிக்கணக்கான லிட்டர் வேண்டும். 2021-ல் தைவானில் மழை பொய்த்தபோது அந்த நாடு நெல் வயல்களுக்குப் பாசனத்தை நிறுத்தியது. சிப் ஆலைகளுக்கு லாரியில் தண்ணீர் போனது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 2019 ஜூலையில், ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் கொண்டுபோனதை நாம் பார்த்தோம். அன்று எங்கள் பக்கத்துப் பாலாறு மணலாகக் கிடந்தது. அந்த நதிப் படுகையின் மாநிலம் சிப்புக்கு ஏலம் கேட்க நினைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

பொருளியல் படித்தவர்கள் இங்கே ஒரு பழைய பாடத்தை நினைவுபடுத்துவார்கள். சுவீடனின் ஹெக்‌ஷரும் அவர் மாணவர் ஓலினும் சொன்னது: எந்த நாட்டில் எது மலிந்து கிடக்கிறதோ, அதை அதிகம் உண்ணும் பொருளை அந்த நாடு விற்கும். பணம் மலிந்த நாடு எந்திரம் மிகுந்த பொருளையும், ஆள் மலிந்த நாடு கைவேலை மிகுந்த பொருளையும் விற்கும். 1953-ல் பொருளியலாளர் லியான்டீஃப் அமெரிக்கக் கணக்கைப் பிரித்துப் பார்த்தபோது விடை தலைகீழாக வந்தது. உலகிலேயே அதிக மூலதனம் வைத்திருந்த நாடு, தான் வாங்கும் பொருள்களைவிட ஆள்வேலை மிகுந்த பொருள்களை விற்றுக்கொண்டிருந்தது. அந்த ஆட்களின் படிப்பும் தேர்ச்சியும் தனி மூலதனம் என்பது பின்னால் சொல்லப்பட்ட விளக்கங்களில் முக்கியமானது.

இந்தியாவின் முரண் அதற்கு எதிர்த்திசையில் ஓடுகிறது. அது என்னை வருத்துகிற முரண். ஆள் மலிந்த நாடு இது. ஆனால் நம் பெரிய ஏற்றுமதிகளில் ஒன்று சுத்திகரித்த பெட்ரோலியம். கச்சா எண்ணெய் கப்பலில் வந்து, குஜராத்தின் ஜாம்நகரில் மிகப் பெரிய எந்திரங்கள் வழியாகப் போய், மறுபடி கப்பலேறுகிறது. அங்கே ஆளுக்கு வேலை குறைவு. ஆயத்த ஆடையில் 2024-25-ல் நாம் விற்றது சுமார் 1,600 கோடி டாலர். நம்மைவிட எட்டில் ஒரு பங்கு மக்கள்தொகை கொண்ட பங்களாதேஷ் விற்றது சுமார் 3,900 கோடி டாலர். 1956-ல் தொடங்கிய இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டம், புள்ளியியலாளர் மகலனோபிஸ் வகுத்த வழியில், எந்திரம் செய்யும் எந்திரங்களுக்கு முதலிடம் தந்தது. முதலில் மக்கள் உண்ணும், உடுக்கும் பொருள்களைப் பெருக்குங்கள் என்று பம்பாயிலிருந்து பொருளியலாளர்கள் வகீலும் பிரம்மானந்தாவும் மன்றாடினார்கள். அவர்கள் பேச்சு எடுபடவில்லை. 1967-லிருந்து ஆடை, காலணி உள்ளிட்ட பல பொருள்களைச் சிறுதொழிலுக்கென ஒதுக்கியதும் நல்ல நோக்கத்தோடுதான். ஆனால் ஐயாயிரம் பேர் ஒரே கூரையின் கீழ் தைக்கும் ஆலை பெருகாமல் போனதற்கு அது ஒரு காரணம். ஆடைக்கு அந்தத் தளை இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அவிழ்ந்தது. அதற்குள் சீனாவும் பங்களாதேஷும் வெகுதூரம் போய்விட்டன.

தென் கொரியாவைக் காட்டி இதற்கு மறுமொழி சொல்பவர்கள் உண்டு. மதிக்க வேண்டிய மறுமொழி அது. 1973-ல் பார்க் சுங் ஹீ அரசு எஃகு, கப்பல், ரசாயனம் என்று முதல் மிகுந்த தொழில்களுக்குள் துணிந்து இறங்கியது. அதே ஆண்டு போஹாங்கில் எஃகு ஆலை ஓடத் தொடங்கியது. கொரியா இன்று இருக்கும் நிலைக்கு அந்தத் துணிச்சலே அடித்தளம். முதல் மிகுந்த தொழில் இல்லாமல் எந்தப் பெரிய நாடும் செல்வம் கண்டதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வரிசையைப் பாருங்கள். 1960-களில் கொரியா விற்றது பொய்முடி, ஒட்டுப்பலகை, சட்டை. கிராமத்துப் பெண்கள் ஆலைக்கு வந்தார்கள், டாலர் வந்தது, எஃகு அதற்குப் பிறகு வந்தது. நாம் முதல் படியைப் பாதி ஏறிவிட்டு மூன்றாம் படிக்குத் தாவப் பார்க்கிறோம்.

கார் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் தமிழ்நாடு அந்தப் பாடத்தை ஏற்கெனவே நன்றாகப் படித்திருக்கிறது. 1990-களின் நடுவில் மறைமலைநகருக்கு ஃபோர்டும், இருங்காட்டுக்கோட்டைக்கு ஹூண்டாயும் வந்தபோது வெறும் நிலத்துக்கு வரவில்லை. அம்பத்தூரிலும் பாடியிலும் முப்பது ஆண்டுகளாக உதிரிபாகம் செய்து பழகிய பட்டறைகள் இருந்தன. கார் ஆலையின் வேலைக் கணக்கில் அதன் வாசலுக்கு வெளியே இருக்கும் வேலையே பெரிது. அதனால் பனப்பாக்கத்தின் 5,000 என்ற எண்ணைக் குறைத்து மதிக்கக் கூடாது. பட்டறைகள் காலப்போக்கில் இன்னும் பலரைச் சேர்க்கலாம்.

ஆனால் பெரிய முதலைப் போட்டவன் எளிதில் ஓட மாட்டான் என்ற நம்பிக்கை மட்டும் சரியல்ல. ஃபோர்டு 2021-ல் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தது, 2022-ல் மறைமலைநகர் ஆலை ஓய்ந்தது. 2025 அக்டோபரில் அதே ஆலையில் என்ஜின் செய்ய 3,250 கோடி ரூபாய் ஒப்பந்தம் போட்டிருக்கிறது. 2029-ல் உற்பத்தி, வேலை 600 பேருக்கு மேல். ஒரு வேலைக்கு ஐந்து கோடிக்கு மேல் முதலீடு! ஒரே இடத்தில், ஒரே நிறுவனம், காலம் போகப் போக ஆளைக் குறைத்து எந்திரத்தைக் கூட்டுவதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. மின்சாரக் காரில் பாகங்கள் இன்னும் குறைவு. தூத்துக்குடியில் 2025 ஆகஸ்டில் திறந்த வின்ஃபாஸ்ட் ஆலையை நான் வரவேற்கிறேன், தென்மாவட்டத்துக்கு அப்படி ஒன்று வேண்டியிருந்தது. ஆனால் பிஸ்டனும் கியரும் கடையும் பட்டறைகளுக்கு அதனால் வேலை வராது.

இனி காலணி. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைக்காரர்களுக்கு ‘ஷூ கம்பெனி’ புதிதல்ல. விடியற்காலையில் டிபன் கேரியரோடு கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் பெண்கள் எங்கள் ஊர்களின் காலைக் காட்சி. ஆனால் எங்கள் பக்கத்தில் அது பெரும்பாலும் தோல். உலகம் இப்போது அணிவது பெரும்பாலும் துணியும் ரப்பரும் நுரையும் சேர்ந்த காலணி. அந்தச் சந்தையில் நாம் தாமதமாகவே நுழைந்தோம். 2022-ல் மாநில அரசு இதற்கென்று தனிக் கொள்கை வகுத்தது. தைவான் நிறுவனங்கள் மேலும் வந்தன. 2023 நவம்பரில் பெரம்பலூர் மாவட்டம் எறையூரில் ஆலை திறந்தது. கள்ளக்குறிச்சி மாவட்டம் உளுந்தூர்ப்பேட்டைக்கு பௌ சென் குழுமம் 2,302 கோடி, 20,000 வேலை என்று ஒப்பந்தம் போட்டது. பெரம்பலூர், கள்ளக்குறிச்சி. இந்த இரண்டு பெயரையும் நிறுத்திப் படியுங்கள். கார் கம்பெனியும் சிப் கம்பெனியும் எட்டிப் பார்க்காத வானம் பார்த்த பூமி. துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்தாக வேண்டும், பக்கத்திலேயே நூறு உதிரிபாகப் பட்டறை வேண்டும் என்று கேட்காத தொழில் காலணி. பெண்கள் இருக்கும் இடத்துக்கு ஆலை போகும்.

இந்தியாவில் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் 40 சதவீதத்துக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். வேறெந்த மாநிலத்துக்கும் கிடைக்காத செல்வம் இது. பள்ளிக்கூடம், சத்துணவு, பஸ் என்று மூன்று தலைமுறை போட்ட முதலின் விளைச்சல். லியான்டீஃப் கணக்கில் விடுபட்ட மூலதனம் இங்கே நம் வீட்டுப் பெண்களாக நிற்கிறது.

சம்பளக் கணக்கைப் போடலாம். காலணி ஆலையில் ஒருவருக்கு மாதம் 15,000 என்று வைத்துக்கொண்டால், 25,000 பேருக்கு ஆண்டுக்கு 450 கோடி ரூபாய். கார் ஆலையில் 40,000 என்று தாராளமாக வைத்தாலும் 5,000 பேருக்கு 240 கோடி. ஆறில் ஒரு பங்கு முதலீட்டில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சம்பளம். அந்தப் பணம் போகும் கை பெரும்பாலும் பெண்ணின் கை என்பதால் அது பிள்ளையின் படிப்புக்குப் போகும் வாய்ப்பு அதிகம் என்பது எங்கள் தெருவில் நான் கண்டது.

குறைகளை மறைக்க மாட்டேன். இந்தத் தொழிலில் லாபத்தின் பெரும்பகுதி பிராண்டு வைத்திருப்பவனிடம் போகிறது. 2009-ல் ஒரு ஐபோனின் உற்பத்திச் செலவு சுமார் 179 டாலர் என்று கணக்கிட்டவர்கள், சீனாவில் அதைத் தொகுத்த கூலி ஆறரை டாலர்தான் என்று கண்டார்கள். காலணியிலும் இதே கதை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீது 50 சதவீத வரி போட்டபோது திருப்பூர் ஒரே வாரத்தில் திகைத்து நின்றது. ஆள் மிகுந்த தொழிலின் லாப விளிம்பு அத்தனை மெலிது. ஆலை ஓடிப்போவதும் நடக்கும். திருப்பெரும்புதூரில் 2006-ல் தொடங்கிய நோக்கியா செல்போன் ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. உச்சத்தில் எட்டாயிரம் பேர் வேலை செய்த இடம். ஆனால் அந்தக் கதை அங்கே முடியவில்லை. 2019-ல் சார்ஜர் செய்யும் சால்காம்ப் அந்த ஆலையை வாங்கியது. அதே வட்டாரத்தில் பாகங்களைக் கோத்து மின்னணுப் பொருள் செய்யும் தொகுப்பாலைகள் பெருகி, 2024-25-ல் தமிழ்நாட்டின் மின்னணு ஏற்றுமதி 1,465 கோடி டாலரை எட்டியது. நாட்டின் மொத்தத்தில் 41 சதவீதம். நோக்கியா போனபோது அந்தப் பெண்கள் கற்ற கைவேலையும், ஷிப்டு ஒழுங்கும், மேற்பார்வையாளர்களின் அனுபவமும் போகவில்லை.

பெரிய குறை இன்னொன்று: வாழும் நிலை. 2021 டிசம்பரில் பூந்தமல்லிப் பக்கத்து விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி, தொகுப்பாலைப் பெண்கள் நூற்றுக்கணக்கில் இரவோடிரவாக நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். எல்லோரும் இருபது வயதைச் சுற்றியவர்கள். அதன்பின் அரசு திருப்பெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாயில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி கட்டி 2024 ஆகஸ்டில் திறந்தது. ஒரு படுக்கைக்கு நான்கு லட்சத்துக்கும் குறைவு. சானந்தின் ஒரு வேலைக்குப் போன பொதுப்பணத்தில் எண்பது பெண்களுக்குப் பாதுகாப்பான படுக்கை. ஆள் மிகுந்த தொழிலுக்கு அரசு செய்ய வேண்டிய செலவு இந்த வகையைச் சேர்ந்தது. ஆலை போனாலும் கட்டடம் நம்முடையது.

நான்காவது வழி ஒன்று உண்டு, மேடைகளில் அதிகம் பேசப்படாதது. எந்திரத்தையும் உதிரிபாகத்தையும் செய்வது. தோலேராவின் 91,000 கோடியில் பெரும்பங்கு எங்கே போகும்? எந்திரம் வாங்க, நெதர்லாந்துக்கும் ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும். முதல் மிகுந்த தொழிலை இறக்குமதி எந்திரத்தால் நடத்தும் நாடு, அந்த எந்திரம் விற்கும் நாட்டின் வளர்ச்சிக்கு வாடிக்கையாளர். ஜெர்மனியையும் ஜப்பானையும் முதல் மிகுந்த பொருளாதாரம் என்று சொல்லும்போது, அவர்களிடம் எந்திரம் நிறைய இருக்கிறது என்பது பாதி உண்மைதான். எந்திரத்தைப் படைப்பவர்களும் அவர்களே.

இதில் நமக்கு ஒரு கோயம்புத்தூர் இருக்கிறது. 1937-ல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் இந்தியாவின் முதல் மின்மோட்டாரைச் செய்த ஊர். 1962-ல் தொடங்கிய லட்சுமி மெஷின் வொர்க்ஸ் இன்று நாடெங்கும் உள்ள நூற்பாலைகளுக்கு எந்திரம் தருகிறது. ஐம்பது கிலோமீட்டர் கிழக்கே திருப்பூரில் நிலைமை வேறு: பின்னல் எந்திரங்களில் பெரும்பகுதி ஜெர்மனியிலிருந்தும் தைவானிலிருந்தும் சீனாவிலிருந்தும் வந்தவை. ஏற்றுமதியில் ஈட்டிய டாலரின் ஒரு பங்கு ஒவ்வொரு முறை எந்திரம் மாற்றும்போதும் திரும்பிப் போகிறது. இந்த இரண்டு ஊர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நான் சொல்ல வருவது விளங்கும்.

மாநில அரசுக்கும் இது தெரிந்திருக்கிறது. 2025 பட்ஜெட்டில் சூலூரிலும் பல்லடத்திலும் குறைக்கடத்தி எந்திரத் தொழிற்பூங்காக்கள் அறிவிக்கப்பட்டன. அதே ஆண்டு ஏப்ரலில், ஒன்றிய அரசின் 22,919 கோடி ரூபாய் மின்னணு உதிரிபாகத் திட்டத்தோடு இணைத்து மாநிலமும் ஒரு திட்டம் தொடங்கியது: 30,000 கோடி முதலீடு, 60,000 வேலை. ஒரு வேலைக்கு 50 லட்சம். காலணிக்கும் காருக்கும் நடுவில். இதில் சிக்கல், பலன் வரப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகும். பீளமேட்டு வார்ப்பாலை முதலாளி ஒருவர் சிப் எந்திரத்துக்கான வெற்றிட அறையின் உடலை வார்த்து, கடைந்து, அது வெளிநாட்டு நிறுவனத்தின் சோதனையில் தேறும்வரை அவருக்குச் சோறு போடுவது யார்? தேர்தல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வருகிறது. அடிக்கல் படம் எடுக்க எதுவும் இல்லாத செலவு இது: பொதுச் சோதனைக்கூடம், துல்லிய அளவுக் கருவிகள், ஐடிஐ ஆசிரியர்கள்.

என் தேர்வு இதுதான். சிப் ஆலைக்குக் குஜராத்தோடு ஏலம் கேட்க வேண்டாம். அந்தப் போட்டியில் தோற்றால் நமக்கு நட்டமில்லை. கார் கம்பெனிகளுக்கு நிலமும் சாலையும் நல்ல மின்சாரமும் கொடுப்போம், ரொக்கச் சலுகையை உள்ளூர்ப் பட்டறையில் அவர்கள் வாங்கும் பாகத்தின் மதிப்போடு கட்டுவோம். கோயம்புத்தூர், ஓசூர் எந்திரப் பட்டறைகளுக்குப் பத்து ஆண்டுக்குக் கைவிடாத சிறு பணம் போடுவோம். பெரும் பணம், இந்தப் பத்து ஆண்டில், காலணிக்கும் ஆடைக்கும் தொகுப்பாலைக்கும். அதுவும் கட்டடத்துக்கும் எந்திரத்துக்கும் தரும் மானியமாக வேண்டாம், சம்பள மானியமாகப் போகட்டும். எந்திரத்துக்கு மானியம் தந்தால் முதலாளி எந்திரத்தைத்தான் கூட்டுவார், அதில் அவரைக் குறை சொல்ல முடியாது.

இதற்கு முன்மாதிரி நம் பட்ஜெட்டிலேயே இருக்கிறது. பன்னாட்டு நிறுவனங்கள் இங்கே நடத்தும் உலகளாவிய திறன் மையங்களில், மாதம் ஒரு லட்ச ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்கும் புதிய வேலைகளுக்கு, முதல் ஆண்டு சம்பளத்தில் 30 சதவீதம், இரண்டாம் ஆண்டு 20, மூன்றாம் ஆண்டு 10 சதவீதம் அரசு தரும் என்று 2024-ல் அறிவித்தார்கள். லட்ச ரூபாய் சம்பளக்காரருக்குத் தரலாம் என்றால் பனப்பாக்கத்தில் அப்பர் (காலணியின் மேல்பாகம்) தைக்கப் போகும் பெண்ணுக்கு ஏன் தரக் கூடாது? அதே விகிதத்தில், 25,000 பேருக்கு, மாதம் 15,000 சம்பளத்துக்கு மூன்று ஆண்டில் 270 கோடி ரூபாய் ஆகும். ஒருவருக்கு 1 லட்சத்து 8 ஆயிரம். மூன்று நிபந்தனை போதும்: அவள் பெயரில் பிஎஃப் கணக்கு தொடர்ந்து ஓடினால்தான் பணம் ஆலைக்குப் போக வேண்டும், ஆலைக்குள் குழந்தைக் காப்பகம் வேண்டும், முப்பத்தைந்து வயதானவள் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பக் கூடாது.